நான்காம் வரிசை, ஏழாம் குழி

ஆப்பிரிக்கக் குரங்கு ஒன்றின் சிறுநீரகம் இது.
குரங்கு செத்து அறுபது வருடத்துக்கு மேல்.
செல்கள் மட்டும் சாகத் தெரியாமல்
எலஹங்காவில், முப்பத்தேழு டிகிரியில்,
திங்களும் வியாழனும் தீனி கேட்கின்றன.

தீனி போடுவது நான்.
பிறகு டெங்கு கொடுப்பதும் நான்.

இலை வந்தது அவென்யூ ரோட்டுச் சந்திலிருந்து.
கடைக்காரர் நஞ்சுண்ட செட்டி,
பெயரிலேயே விழுங்கி வைத்திருப்பவர்.
நிலவேம்பு என்றேன். நெலபேவு என்றார்.
ஒரு கசப்புக்கு இரண்டு மொழி போதாமல்
ரசீதில் கிரியாத்து என்று எழுதினார்.

அரைத்து, சாராயத்தில் ஊறவிட்டு, வடித்து,
உறையவைத்து உலர்த்தினால்
மூட்டை இலைக்கு ஒரு குப்பி பச்சைத் தூசி.
கையுறை கழற்றி இரண்டு முறை சோப்புப் போட்டும்
மத்தியானத் தயிர்சாதம் கசந்தது.

தட்டில் தொண்ணூற்றாறு குழி.
இடது ஓரம் மருந்து அதிகம்:
வைரஸ் இல்லை,
செல்லும் இல்லை.
எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.
வலது ஓரம் மருந்து குறைவு:
ஊதாச் சாயம் ஊற்றினால்
தரையெங்கும் வெள்ளை ஓட்டைகள்,
வைரஸ் சாப்பிட்டு எழுந்த இடங்கள்.

நான்காம் வரிசை, ஏழாம் குழியில்
ஓட்டை இல்லை.
செல்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன.
அதே அளவு மருந்துதான்
மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும்.
அங்கெல்லாம் ஓட்டை.

ஒருவேளை
அந்தக் குழிக்கு மட்டும்
வைரஸ் ஊற்ற மறந்திருப்பேன்.

இரவு பத்து மணிக்கு கேட்டில் சித்தலிங்கையா:
"பவ்யாவுக்குத் தட்டணு முப்பத்திரண்டாயிரம் மேடம்.
உள்ளே நீங்க பண்றது இதுக்குத்தானே?
ஒரு டம்ளர் குடுக்கலாமா?"

என்னிடம் இருந்தது ஒரு குழி.
மிளகளவு தரை. ரத்தம் ஓடாத சிறுநீரகம்.
பவ்யாவுக்கு வயிறு இருக்கிறது,
ஈரல் இருக்கிறது,
ஒன்பது வயது இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சொல்வதைச் செய்யுங்கள் என்றேன்.
டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம் என்றேன்.
தலையாட்டினார்.
மேஜைக்கடியில் பிளாஸ்கை நகர்த்தினார்.
"நேத்தே குடுத்தேன் மேடம்," என்றார்,
"துப்பிட்டா."

ஆறாம் நாள் ஏறியது. அறுபது, எண்பது, லட்சம்.
நாக்கில் ஒட்டிய அந்த ஒரு சொட்டா,
கைநரம்பில் இறங்கிய சலைனா,
வெறும் ஆறாம் நாள்தானா?
சொல்ல இன்னொரு பவ்யா வேண்டும்,
அதே கொசு கடித்து,
அதே கட்டிலில் படுத்து,
எதையும் துப்பாதவள்.
யாரிடம் கேட்பது அப்படி ஒரு குழியை?

மத்தூர் வடை கொண்டுவந்தார். நிலவேம்புக்கு நன்றி என்றார்.
வடையைச் சாப்பிட்டேன்.
நன்றியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இரண்டாம் மூட்டை வந்த அன்று
கத்தையைப் பிரித்தால் தண்டு உருண்டை.
போன முறை சதுரம்.
செட்டிக்கு போன் செய்தேன்.
"எல்லாம் ஒண்ணுதாம்மா. கசக்குதில்ல?"

கசக்கத்தான் செய்தது.

அதே ஏழாம் நெடுவரிசை, மூன்று தட்டு,
மூன்றிலும் ஓட்டை.
நோட்டில் எழுதினேன்: மறுபடி செய்.
அதன் கீழே, பேனா அழுந்த:
எதை?

ஆடி மழைக்கப்புறம்
கேட்டருகே பெயின்ட் வாளியில் ஏதோ முளைத்திருந்தது.
பழைய சாக்கை உதறிய விதையாம்,
சித்தலிங்கையா தண்ணீர் விட்டிருக்கிறார்.
"இது சரியானதா மேடம்?"

குனிந்து, இளந்தண்டை
இரு விரலிடையே உருட்டிப் பார்த்தேன்.
உருளவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு விளிம்பு.

நிலவேம்புதான், என்றேன்.
அதுவரைக்கும் தெரியும்.